தேத்தண்ணி நிறத்தில் ஒரு தடாகம்

முன்பெல்லாம் எனக்கு வரும் கடிதங்களில் கிணறு, மேல்தொட்டி, மோட்டர் இவைதான் இருக்கும். இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரில் கட்டும் வீடுகளிலும் விருந்தினர் விடுதிகளிலும் நீச்சல் தடாகங்கள் வந்துவிட்டன. இருபத்தாறு வருடம் தடாகங்களைப் பராமரித்தே பிழைத்தவன் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களைப் பார்த்தவுடன் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டேன். நிறம் மாறிய தண்ணீர் பற்றி மட்டும் இந்தப் பக்கத்தில் கதைப்போம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி எங்கள் வளவில் வீடு கட்டி, 30 அடி நீளம், 15 அடி அகலத்தில் ஒரு நீச்சல் தடாகமும் கட்டியிருக்கிறான். ஆழம் சராசரி நாலரை அடி. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாக வருகிறார்கள். பாதித் தண்ணீரை எங்கள் கிணற்றிலிருந்து பழைய குழாய் வழியாக விட்டோம். மிச்சத்தைப் பவுசரில் வாங்கினோம். தண்ணீர் பளிங்குபோல இருந்தது. கடையில் சொன்னபடி 2 கிலோ குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினேன். விடிய எழும்பிப் பார்த்தால் முழுத் தடாகமும் வெறும் தேத்தண்ணி நிறம். பக்கத்து வீட்டுத் தம்பி இன்னும் குளோரின் போடச் சொல்கிறார். மேசன் முழுவதையும் இறைத்துவிடச் சொல்கிறார். நான் என்ன செய்ய?
— வாசகி, உரும்பிராய்

பதில்: அக்கா, இரண்டையும் செய்யாதீர்கள். தம்பி குடும்பம் வரும்போது தண்ணீர் தெளிந்திருக்கும், பயப்படவேண்டாம்.

நடந்தது இதுதான். தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும்போது அதற்கு நிறமே இல்லை. சீனி கரைந்த தண்ணீரைப் பார்த்துச் சீனி இருக்கிறது என்று சொல்லமுடியுமா? அதுபோலத்தான். குளோரின் பட்டதும் அந்த இரும்பு துருவாக மாறுகிறது. வாளிக் கைபிடியில் பிடிக்கும் அதே துரு, தூசியிலும் சின்னத் துகளாகத் தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கிறது. இரும்பு முதலிலேயே உள்ளே இருந்தது, குளோரின் அதைக் காட்டிக்கொடுத்தது.

உங்கள் தடாகத்தில் ஏறக்குறைய 57,000 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. ஒரு லீற்றரில் அரை மில்லிகிராம் இரும்பு இருந்தால்கூட, மொத்தமாகச் சேர்த்தால் 28 கிராம்தான் வரும். நாலைந்து பெரிய ஆணியின் எடை. அவ்வளவுதான் முழுத் தடாகத்தையும் நிறம் மாற்றியிருக்கிறது. லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துவைக்கிற துணியில் கறை பிடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி சொல்கிறது. துணிக்கு ஆவது தடாகத்தின் வெள்ளைச் சுவருக்கும் ஆகும்.

நானும் ஒருமுறை பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதையே செய்தவன். தெற்குக் கரையில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மறுநாள் அங்கே கல்யாணம். குழாய்க்கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, பொழுதுபடக் குளோரின் போட்டேன். இரவு பத்து மணிக்கு லைட்டைப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் மங்கிய பச்சை. பாசி என்று நினைத்து இன்னும் 4 கிலோ போட்டேன். விடிய அது செம்மண் குட்டை. அதைவிடப் பெரிய நட்டம் பிறகுதான் தெரிந்தது. துரு முழுவதும் படிந்து, வெள்ளை ஓடுகளின் இடைச் சாந்தில் ஊறிவிட்டது. மூன்று கிழமை அசிட் போட்டுத் தேய்த்தோம். என்னோடு நின்ற இரண்டு பெடியன்களுக்கும் உள்ளங்கை தோல் உரிந்தது. அவர்களுக்குக் கையுறை கொடுக்கவேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கைகளை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் எவர் கேட்டாலும் முதலில் இதைச் சொல்வேன்: தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீருக்குள் எதையும் போடாதீர்கள்.

சரி, உங்கள் இரும்பு எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்காமல் தண்ணீரைத் தெளியவைத்துப் பயனில்லை. அடுத்த கிழமை ஆவியான அளவுக்கு மறுபடி தண்ணீர் விடுவீர்கள், மறுபடி நிறம் வரும். எங்கள் மண் சிவப்பு, அதனால் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு என்று சிலர் சொல்வார்கள். செம்மண்ணின் சிவப்பு இரும்புதான், உண்மை. ஆனால் அது ஏற்கெனவே துருவாகி முடிந்த இரும்பு. தண்ணீரில் கரையாது. காற்றில் பறந்து தடாகத்தில் விழுந்தால் கலங்கும், பிறகு படியும், ஃபில்டரில் பிடிபடும். இரும்பு கரைவதற்குக் காற்றுப் படாத தண்ணீர் வேண்டும். ஆழக் குழாய்க்கிணறு, சேற்று நிலத்தடி, அல்லது நாள் கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும் பழைய இரும்புக் குழாய். திறந்த கிணற்றை விட, உங்கள் கடிதத்தில் வரும் "பழைய குழாய்" மேல்தான் எனக்குச் சந்தேகம். பவுசர்த் தண்ணீரையும் விடமுடியாது.

ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடுவோம். மூன்று வெள்ளை வாளி எடுங்கள். ஒன்றில் கிணற்றிலிருந்து நேரே கயிற்றால் அள்ளிய தண்ணீர். இரண்டாவதில் காலையில் அந்தப் பழைய குழாயைத் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர். மூன்றாவதில் அடுத்த பவுசர் வரும்போது அதிலிருந்து பிடித்தது. ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி குளோரின் தூளைப் போட்டுக் கலக்கி, நிழலில் வைத்துவிடுங்கள். அரை மணித்தியாலத்தில் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள். கோப்பாயில் ஒரு வீட்டில் நான் இப்படி வைத்தபோது கிணற்று வாளி அப்படியே கிடந்தது. குழாய் வாளி கால் மணித்தியாலத்தில் வெளிறிய மஞ்சளாகி, பின்னேரத்துக்குள் அடியில் சந்தனக் குழம்புபோல ஒரு படலம் விழுந்திருந்தது. அந்த வீட்டு ஐயா விரலால் அதைத் தொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைத்தானே தம்பி நாங்கள் நாற்பது வருடம் குடிச்சிருக்கிறம்" என்றார். குழாயை மாற்றினார்கள், பிரச்சினை போய்விட்டது.

இப்போது தடாகத்தில் நிற்கும் தண்ணீர். உங்கள் இரும்பு ஏற்கெனவே துருவாகி வெளியே வந்துவிட்டது. அது ஒருவகையில் உங்களுக்கு நல்லதுதான், அதைப் பிடித்து வெளியே எடுக்கலாம். கடையில் "மெட்டல் ரிமூவர்" என்று ஒரு போத்தல் தருவார்கள். அது பெரும்பாலும் சீக்குவெஸ்ட்ரன்ட் என்ற வகை மருந்து. அது இரும்பை அகற்றாது, கட்டிப்பிடித்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். சில கிழமையில் குளோரினும் வெயிலும் பட்டு அந்தப் பிடி தளரும், இரும்பு திரும்ப வெளியே வரும். கொஞ்சநஞ்சம் மிஞ்சியதற்கு அது நல்லது. முழுத் தடாகமும் தேத்தண்ணியாக இருக்கும்போது காசைக் கரைக்காதீர்கள்.

படிகாரம் வாங்குங்கள். எங்கள் ஊரில் சீனக்காரம் என்று கேட்டாலும் விளங்கும். 1,000 லீற்றருக்கு 40 முதல் 50 கிராம் என்று கணக்கு வைத்தால், உங்களுக்கு இரண்டரைக் கிலோ போதும். தண்ணீரின் பீ.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு படிகாரத்தை வாளி வாளியாகக் கரைத்து, தடாகத்தைச் சுற்றி நடந்து ஊற்றுங்கள். ஃபில்டரின் வால்வை "ரீசேர்குலேட்" பக்கம் திருப்பி, தண்ணீர் ஃபில்டர் மணலுக்குள் போகாமல் ஒரு மணித்தியாலம் சுற்றவிடுங்கள். பின்னேரம் மோட்டரை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளோ நாயோ தண்ணீரைக் கலக்கக்கூடாது.

விடிய விளிம்பில் குந்தியிருந்து பாருங்கள். மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சுமெத்தை விரித்ததுபோல ஒரு படிவு கிடக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. வேக்கியூம் குழாயைப் பொருத்தி, வால்வை "வேஸ்ட்" பக்கம் திருப்பி, அந்தப் படிவை ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியே எடுங்கள். அவசரப்படக் கூடாது. பிரஷை வேகமாகத் தள்ளினால் படிவு புகைபோல எழும்பும், அன்றைய வேலை போச்சு. ஒரு அடி தள்ள ஐந்தாறு செக்கன் என்று மெதுவாகப் போங்கள். அரை அடி வரை தண்ணீர் குறையும். அது பரவாயில்லை. ஒரே நாளில் தெளியாவிட்டால் இரண்டு நாள் விட்டு இன்னொருமுறை செய்யலாம். படிவை ஒரு நாளுக்கு மேல் அடியில் கிடக்கவிடாதீர்கள், கிடந்தால் கறையாகிவிடும்.

ஒன்று மட்டும் கவனம். வெளிநாட்டுக் காணொளிகளில் பீ.எச்.ஐ 8க்கு மேல் ஏற்றினால் இரும்பு சீக்கிரம் விழும் என்று சொல்வார்கள். அவர்கள் ஊர்த் தண்ணீருக்கு அது சரி. எங்கள் நிலத்தடி சுண்ணக்கல், தண்ணீரில் கல்சியம் நிறைய. கேத்திலின் அடியில் கட்டிபிடிக்கும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள்தானே. பீ.எச். ஏறினால் அதே வெள்ளை தடாகம் முழுக்கப் பால்போலக் கலங்கும், ஓடுகளில் செதிலாக ஒட்டும். இரும்போடு மல்லுக்கட்டப் போய்ச் சுண்ணாம்பையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

இனித் தண்ணீர் விடும்போது குழாய் வாயை நேரே தடாகத்துக்குள் போடாதீர்கள். அடியில் துளை போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் தலையணைக்கு அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சை இறுக்கி வைத்து, அதற்குள்ளால் விடுங்கள். இலவம் பஞ்சு சரிவராது, ஊறிக் கட்டியாகிவிடும். குழாயில் துருத்துகள் வந்தால் பஞ்சு மஞ்சளாகும்போதே தெரியும். குளோரின் அளவும் குறையவேண்டும். 65 வீதத் தூள் 2 கிலோ என்றால் உங்கள் தடாகத்துக்கு லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகிறது. குளிக்கத் தேவையானது 1 முதல் 3 மில்லிகிராம்தான். சோதனைப் பெட்டியில் அந்த அளவுக்கு இறங்கும்வரை எவரையும் இறங்கவிடாதீர்கள்.

கேள்வி: ஏன் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடக்கூடாது? அதுதானே சுலபம்?
— வாசகர், கொக்குவில்

பதில்: புதுத் தண்ணீரும் அதே குழாயில்தானே வரப்போகிறது, தம்பி? தவிரவும் ஆடி ஆவணியில் 57,000 லீற்றரை வீதியில் விடுவதற்கு எனக்கு மனம் வராது. ஆறில்லாத ஊர் இது. மழைக்கு ஓடுகிற வழுக்கையாறு ஒன்றைத் தவிர, எங்களுக்கு உள்ளதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீர்தான். அதை அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் கடல் உப்பு மேலே வரும்.

மாரியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது தடாகத்தை வெறுமையாக்கினால், கீழிருந்து தள்ளும் தண்ணீர் வெறுந்தொட்டியைத் தோணிபோலத் தூக்கிவிடும். சீமெந்துத் தளம் வெடித்ததை நான் கண்டிருக்கிறேன். உங்கள் கிணற்றில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒருபோதும் தடாகத்தை முழுக்க இறைக்காதீர்கள். அரைகுறையாக இறைத்து விட்டால் நுளம்பு பெருகும், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தடாகம் 60,000 லீற்றர். பாசி பிடித்ததால், தோட்டத்துக்குப் போடோக் கலவை (பயிருக்கு அடிக்கும் பூஞ்சண மருந்து) செய்ய வைத்திருந்த மயில்துத்தத்தில் ஒரு கிலோவைக் கரைத்துப் போட்டோம். பாசி செத்துவிட்டது. இப்போது தண்ணீர் தெளிவாக, ஆனால் நீலப்பச்சையாக நிற்கிறது. படிகளில் பச்சைக் கறை. தினமும் நீந்தும் வயதான விருந்தினர் ஒருவரின் நரைமுடி பச்சையாகிவிட்டது என்று கவலைப்படுகிறார். குளோரின் கூடிவிட்டதா?
— வாசகர், யாழ் நகர்

பதில்: குளோரின் அல்ல, செம்பு. மயில்துத்தத்தின் எடையில் கால்வாசி செம்பு. ஒரு கிலோவில் 250 கிராம். அதை 60,000 லீற்றருக்குப் பிரித்தால் லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல். தடாகத்தில் 0.3ஐத் தாண்டினாலே கறைக்கு வாய்ப்பு என்று நாங்கள் கணக்கு வைப்போம். எங்கள் கடினத் தண்ணீரில் செம்பு கனநேரம் கரைந்து நிற்காது, கார்பனேட்டாகி விழும். கோயில் செப்புக் கலசத்தில் படரும் பச்சை எதுவோ, உங்கள் படிகளில் இருப்பதும் அதுதான்.

விருந்தினரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். முடிக்கு நிரந்தரக் கேடில்லை, செம்பு மேலே ஒட்டியிருக்கிறது. தேசிக்காய்ச் சாற்றைத் தண்ணீரோடு கலந்து முடியில் பூசிச் சில நிமிடம் விட்டு, அலசிப் பிறகு ஷாம்பூ போட்டால் படிப்படியாகக் குறையும். இனி எவரும் இறங்குமுன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டு இறங்கட்டும். நனைந்த முடி தடாகத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

தண்ணீரை என்ன செய்வது? பாதியை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள் என்று வேறு ஊரில் சொல்லலாம். இங்கே சொல்லமாட்டேன். நீங்கள் வளவில் ஊற்றுவது சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ போகக்கூடும். வாய்க்காலில் விட்டால் அது கடல்நீரேரிக்குப் போகும். மீனுக்கும் இறாலுக்கும் செம்பு நஞ்சு, மனிதருக்குத் தாங்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே. ஆகவே செம்பைத் தடாகத்துக்குள்ளேயே படியவைத்துச் சின்னப் படிவாக எடுப்பதுதான் என் வழி. உரும்பிராய் அக்காவுக்குச் சொன்ன அதே படிகார முறைதான். ஒரு வித்தியாசம், பீ.எச்.ஐ 7.8 அளவில் வையுங்கள். தண்ணீர் கொஞ்சம் பால்போலக் கலங்கும். இந்த ஒரு வேலைக்கு அது உதவி, சுண்ணாம்பு விழும்போது செம்பையும் இழுத்துக்கொண்டு விழும். வேக்கியூமில் வரும் படிவைப் பரல்களில் பிடித்து, தெளிய விட்டு, அடிமண்டியைக் காயவைத்துக் குப்பையோடு ஒப்படையுங்கள். தோட்டத்தில் கொட்டாதீர்கள். முடிந்ததும் பீ.எச்.ஐ 7.4க்கு இறக்கி, சீக்குவெஸ்ட்ரன்ட் ஒரு அளவு போடுங்கள்.

மயில்துத்தத்தைத் தோட்டத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். பாசி வருவது குளோரின் குறைந்ததால். அதைச் சரியாக வைத்தால் செம்பு தேவையே இல்லை.

கேள்வி: தடாகத்தின் தளத்தில் கறுப்பும் பழுப்புமாகக் கறைகள். சில இடத்தில் பரவலாக, ஓரிடத்தில் மட்டும் காசு அளவில் வட்டமாக. அசிட் போடலாமா?
— வாசகி, மானிப்பாய்

பதில்: அசிட் கடைசி மருந்து, தங்கச்சி. அது கறையோடு சேர்த்துச் சீமெந்தின் தோலையும் தின்னும். முதலில் கறை எந்தச் சாதி என்று பாருங்கள். ஃபார்மசியில் வெறும் விட்டமின் சி வில்லை வாங்கி, ஒன்றை ஆழம் குறைந்த பக்கத்தில் கறையின் மேல் ஒரு நிமிடம் விரலால் அமுக்கிப் பிடியுங்கள். எடுத்ததும் வில்லையின் வட்டம் அப்படியே வெளுத்திருந்தால் அது இரும்பு. அசையவில்லை என்றால் அதே கறையின் இன்னொரு மூலையில் குளோரின் தூள் கொஞ்சம் தூவுங்கள். அதற்கு வெளுத்தால் வேப்பிலை, மாவிலை ஊறிய கறை, வழமையான குளோரினிலேயே போய்விடும். இரண்டுக்கும் அசையாத கருங்கறை என்றால் மங்கனீசு என்ற உலோகமாக இருக்கலாம், அதற்குத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

பரவலான இரும்புக் கறைக்குத் தடாகம் முழுதுக்குமே விட்டமின் சி தூள் போடலாம், 10,000 லீற்றருக்கு 120 கிராம் அளவில். அதற்குமுன் குளோரின் பூச்சியத்துக்கு வரவேண்டும். குளோரின் இருந்தால் அது விட்டமினைத் தின்றுவிடும், காசு வீண். கறை போனதும் அந்த இரும்பு தண்ணீருக்குள் திரும்ப வந்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம். உடனே சீக்குவெஸ்ட்ரன்ட் போட்டு, அதன் பிறகே குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குளோரின் இல்லாத அந்த ஒன்றிரண்டு நாளில் ஒருவரும் குளிக்கக்கூடாது.

அந்தக் காசு வட்டம் வேறு கதை. தேய்த்தால் போய், ஒரு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் சீமெந்துக்குள் கம்பியோ கட்டுக்கம்பித் துண்டோ மேற்பரப்புக்கு அருகில் துருப்பிடிக்கிறது. தண்ணீருக்கு மருந்து போட்டுப் பயனில்லை. தண்ணீரை இறக்கி, அந்த இடத்தைக் கொத்தி, கம்பியை வெட்டியெடுத்துப் பூசவேண்டும். மேசனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பழுப்புத் தண்ணீரில் பிள்ளைகள் குளித்தால் தோல் வருத்தம் வருமா?
— ஒரு தாய், சுன்னாகம்

பதில்: இந்த அளவு இரும்பு தோலுக்கு ஒன்றும் செய்யாது. என் பயம் வேறு. கலங்கிய தண்ணீரில் அடி தெரியாது. ஒரு பிள்ளை சத்தமில்லாமல் அடியில் போனால் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் கத்திக்கொண்டு மூழ்குவதில்லை, அம்மா. ஆழப் பக்கத்தின் வடிகால் மூடி கரையில் நின்று பார்க்கத் துல்லியமாகத் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் அன்று குளிப்பு இல்லை. எவ்வளவு அழுதாலும் இல்லை.

மருந்துகளைப் பற்றியும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், வீட்டில் அவற்றை எடுத்து வைப்பது பெரும்பாலும் நீங்கள்தானே. குளோரின் தூளும் அசிட்டும் ஒரே அறையில் அருகருகே இருக்கக்கூடாது. சேர்ந்தால் நச்சுவாயு. குளோரின் தூளையும் குளோரின் வில்லையையும்கூட ஒரே வாளியில் கலக்காதீர்கள், அவை இரண்டு வேறு இரசாயனங்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு மருந்து. கையுறை, கண்ணாடி இல்லாமல் ஒருவரும் தொடக்கூடாது.

கேள்வி: கீரிமலைக் கேணியில் எவ்வளவு சனம் குளிக்கிறது. குளோரின் இல்லை, ஃபில்டர் இல்லை. அங்கே மட்டும் எப்படி?
— மாணவன், தெல்லிப்பழை

பதில்: நல்ல கேள்வி கேட்டாய், தம்பி. நான் உன் வயதில் ஆடி அமாவாசைக்கு அப்பாவோடு அங்கே போய், கேணிச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டு, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் காலில் முட்டுவதை உணர்ந்திருக்கிறேன். அந்த முட்டல்தான் உன் கேள்விக்குப் பதில். ஊருக்குள் பெய்த மழை சுண்ணக்கல் குகைகளுக்குள்ளால் வந்து அங்கே ஊற்றாக வெளிப்பட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேணியில் நேற்று நின்ற தண்ணீர் இன்று இல்லை. வீட்டுத் தடாகத்தில் அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே போன ஊத்தையும் உலோகமும், நாங்கள் எடுத்தால் ஒழிய வெளியே போக வழியில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உலோகம் ஆவியாகாது. ஆகவே ஒவ்வொருமுறை நிரப்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும்.

கேள்வி: தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். எப்படிப் பிடிப்பது?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: மூடி இறுக்கமான ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். பிடிக்கப்போகும் தண்ணீராலேயே மூன்றுமுறை அலசுங்கள். முதல் போத்தலில், காலை குழாயைத் திறந்தவுடன் வருவது. இரண்டாவதில், பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு வருவது. காற்றுக் குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடி, எது எது என்று எழுதி ஒட்டி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். இரும்பு, மங்கனீசு, செம்பு, கடினத்தன்மை, பீ.எச். ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் போத்தலில் இரும்பு கூடி, இரண்டாவதில் இல்லையென்றால் கிணற்றைக் குறை சொல்லாமல் குழாயை மாற்றுங்கள்.